இருக்கைக்கு ஒரு மதம்: லெபனானின் தேர்தல் மாவட்டங்களினூடே

மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் 10,452 சதுர கிலோமீட்டர் பரப்பில், அதாவது தமிழ்நாட்டின் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான நிலத்தில் அடங்கிவிடுகிற லெபனானில், பயணி ஒருவர் காலையில் கடற்கரையிலிருந்து புறப்பட்டு, மலையேறி, மறுசரிவில் இறங்கி, பெக்கா சமவெளியைக் கடந்து, இருட்டுவதற்குள் மீண்டும் கடலைக் கண்டுவிட முடியும். அவ்வழியில் அவர் கடக்கிற தேர்தல் மாவட்டம் ஒவ்வொன்றிலும், நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடுபவர் எந்த மதப்பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பது வாக்காளர் சாவடிக்குள் நுழைவதற்கு வெகுகாலம் முன்னரே சட்டத்தால் முடிவு செய்யப்பட்டிருக்கிறது. பிற நாடுகளில் வேட்பாளரின் சமயம் வாக்காளரின் மனத்துக்குள் நடக்கும் கணக்காக இருக்க, இங்கே அது தேர்தல் சட்டத்தின் அட்டவணையில் அச்சிடப்பட்ட எண்ணாக இருக்கிறது. மதத்தைச் சட்டமே முடிவு செய்துவிட்ட பிறகு, வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதில் சமய நம்பிக்கைக்கு என்ன வேலை மிஞ்சுகிறது என்ற கேள்விக்கு, அந்த அட்டவணையை மட்டும் படிப்பதைவிட, அது பெயர் சொல்லும் ஊர்களின் வழியே செல்வது தெளிவான விடை தருகிறது.

பயணம் பெய்ரூத்தில் தொடங்குகிறது. நகரின் நடுவே, மணிக்கூண்டு நிற்கும் நெஜ்மே சதுக்கத்தை ஒட்டி நாடாளுமன்றக் கட்டடம் இருக்கிறது. அதே சதுக்கத்தில் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் புனித ஜார்ஜ் பேராலயமும், சிறிது தொலைவில் மாரோனியரின் புனித ஜார்ஜ் பேராலயமும், அதன் தோளோடு தோள் உரசினாற்போல 2008-இல் திறக்கப்பட்ட நீலக் குவிமாட முகம்மது அல்-அமீன் பள்ளிவாசலும் நிற்கின்றன. நாடாளுமன்றத்தின் 128 இடங்கள் கிறித்தவர்களுக்கு 64, முஸ்லிம்களுக்கு 64 எனச் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பாதியும் மேலும் பகுக்கப்பட்டிருக்கிறது. உரோமைத் திருச்சபையோடு உறவு பூண்ட கீழைத் திருச்சபையினரான மாரோனியருக்கு 34, கிரேக்க ஆர்த்தடாக்ஸ் பிரிவினருக்கு 14, அப்பிரிவிலிருந்து 1724-இல் பிரிந்து உரோமையுடன் இணைந்த கிரேக்கக் கத்தோலிக்கருக்கு 8, ஆர்மீனிய ஆர்த்தடாக்ஸ் பிரிவினருக்கு 5, ஆர்மீனியக் கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தத் திருச்சபையினருக்கும் ‘சிறுபான்மையினர்’ என்ற பொதுப்பெயரில் திரட்டப்பட்ட சிறு பிரிவுகளுக்கும் தலா ஒன்று என்பது கிறித்தவப் பாதி. சுன்னிகளுக்கும் ஷியாக்களுக்கும் தலா 27, பதினோராம் நூற்றாண்டில் தனி நெறியாக உருவான துரூஸ் சமூகத்துக்கு 8, அலவிகளுக்கு 2 என்பது மறுபாதி.

பெய்ரூத் நகரமே இரண்டு தேர்தல் மாவட்டங்களாக இருக்கிறது. கிழக்கிலுள்ள முதல் மாவட்டத்தின் 8 இடங்களும் கிறித்தவர்களுக்கு உரியவை. அவற்றில் நான்கு ஆர்மீனியருடையவை. மேற்கிலுள்ள இரண்டாம் மாவட்டத்தின் 11 இடங்களில் 6 சுன்னி, 2 ஷியா, தலா ஒன்று துரூஸ், ஆர்த்தடாக்ஸ், சீர்திருத்தத் திருச்சபை. இரண்டுக்கும் இடையிலான எல்லை, 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போரில் நகரை இரண்டாகப் பிளந்த ‘பச்சைக் கோடு’ ஓடிய டமாஸ்கஸ் சாலையை ஏறத்தாழப் பின்பற்றுகிறது. போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து 2017-இல் இயற்றப்பட்ட தேர்தல் சட்டம், துப்பாக்கி வரைந்த கோட்டின் மீதே வாக்குப்பெட்டியின் கோட்டையும் வரைந்திருப்பது, அந்நகரில் நடப்பவர் எவரையும் வருத்தாமல் விடாது.

இந்த ஏற்பாட்டின் உள்ளியக்கத்தைப் புரிந்துகொள்ளத் தமிழ் வாசகருக்குத் தம் நாட்டு வரலாறே துணை நிற்கும். 1909-ஆம் ஆண்டின் மிண்டோ-மார்லி சீர்திருத்தம் பிரிட்டிஷ் இந்தியாவில் கொண்டுவந்த தனி வாக்காளர் தொகுதி முறையில், முஸ்லிம் உறுப்பினரை முஸ்லிம் வாக்காளர்கள் மட்டுமே தேர்ந்தெடுத்தனர். 1932-இல் ஏற்பட்ட பூனா ஒப்பந்தத்தின் வழி வந்து இன்று தனித்தொகுதி என்று வழங்கும் முறையிலோ, வேட்பாளர் குறிப்பிட்ட சமூகத்தவராக இருக்க வேண்டும், வாக்களிப்பவர் யாராகவும் இருக்கலாம். லெபனான் இவ்விரண்டில் பின்னதைச் சார்ந்தது. மாவட்டத்தின் மாரோனிய உறுப்பினரை அம்மாவட்டத்துச் சுன்னியும் ஷியாவும் துரூஸும் சேர்ந்தே தேர்ந்தெடுக்கிறார்கள். இதனால் மாரோனிய வேட்பாளருக்கு எதிரே நிற்பவர் எப்போதும் மற்றொரு மாரோனியரே. ஒரு சமூகத்தின் இடத்தை வேறு சமூகத்தவர் தட்டிப் பறிக்க இயலாது. ஆனால் அந்த இடத்தை வெல்ல வேறு சமூகங்களின் வாக்கை நாடியே தீர வேண்டும். போட்டியைச் சமூகத்துக்குள்ளும், தேவையைச் சமூகங்களுக்கு இடையிலும் வைத்த இந்த எண்ணம் உயர்ந்த எண்ணம். அதை உருவாக்கியவர்களின் நோக்கத்தை, பின்னால் விளைந்தவற்றைக் கொண்டு மட்டும் எடைபோடுவது நியாயமாகாது.

பெய்ரூத்தில் வாழ்பவர்களில் மிகப் பலர் பெய்ரூத்தில் வாக்களிப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். லெபனான் குடிமகனின் வாக்கு அவர் குடியிருக்கும் வீட்டோடு பிணைக்கப்பட்டதன்று. ‘நுஃபூஸ்’ எனப்படும் குடிப்பதிவேட்டில் அவருடைய குடும்பம் பதியப்பட்டிருக்கும் ஊரோடு பிணைக்கப்பட்டது. பாட்டனார் விட்டு வந்த மலைக்கிராமத்தில் ஒருநாளும் உறங்காத பேரனும் 21 வயது நிறைந்ததும் அக்கிராமத்தின் வாக்காளரே. பெண் மணமானதும் கணவனின் பதிவுக்கு மாற்றப்படுகிறாள். தேர்தல் நாளில் தலைநகரிலிருந்து மலைக்கும் சமவெளிக்கும் வண்டிகள் வரிசையாகச் செல்வது இதனால்தான். வாக்காளர் பட்டியலில் பெயருக்கும் பிறந்த நாளுக்கும் பக்கத்தில் பதிவு எண்ணும் மதப்பிரிவும் அச்சிடப்பட்டிருக்கின்றன. மதம் என்று இங்கே சொல்லப்படுவது வழிபடுவதையோ நோன்பிருப்பதையோ கோயிலுக்குச் செல்வதையோ பொறுத்ததன்று. தந்தையின் பதிவிலிருந்து இறங்கி வருவது. இறைவனை நம்பாதவர் ஷியா இடத்தில் உறுப்பினராகலாம். ஆழ்ந்த பக்தி உடையவர் அப்பதிவு இல்லாமையால் ஆக முடியாது. நாடாளுமன்றத்தின் 128 இடங்களையும் மதத்தின் பெயரால் பங்கிட்ட சட்டம், ஒருவருடைய நம்பிக்கையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

தலைநகருக்குத் தெற்கே கடற்கரையை விட்டு மலையேறும் சாலை ஷூஃப் மாவட்டத்துக்குச் செல்கிறது. பழைய மலைநாட்டின் தலைநகராக விளங்கிய தெய்ர் அல்-கமர், மஞ்சள் கல்லால் கட்டிய வீடுகளோடு சரிவில் படிந்திருக்கிறது. அதன் சதுக்கத்துக்கு அருகே பழைய பள்ளிவாசலும், சற்றுக் கீழே மரியன்னை ஆலயமும், யூதர்களின் பழைய தொழுகைக் கூடமும் நடைதூரத்தில் உள்ளன. மதப்பிரிவுவாரியான பங்கீட்டு முறை பிறந்த நிலம் இதுதான். மாரோனியருக்கும் துரூஸ்களுக்கும் பூசல் மூண்டபோது 1842-இல் உதுமானிய அரசும் ஐரோப்பிய வல்லரசுகளும் மலைநாட்டை வடக்கே கிறித்தவ ஆளுகை, தெற்கே துரூஸ் ஆளுகை என இரண்டாக்கின. அது 1860-இன் படுகொலைகளைத் தடுக்கவில்லை. தெய்ர் அல்-கமரும் அவ்வாண்டு குருதியில் நனைந்த ஊர்களில் ஒன்று. அதன் பின் 1861-இல் மலைநாடு முழுவதும், உள்ளூரைச் சேராத கிறித்தவ ஆளுநர் ஒருவரின்கீழ்ப் பன்னிருவர் அடங்கிய நிர்வாக மன்றத்தோடு அமைக்கப்பட்டது. 1864-இல் திருத்தப்பட்டபோது அம்மன்றத்தின் இடங்கள் 4 மாரோனியர், 3 துரூஸ், 2 ஆர்த்தடாக்ஸ், தலா ஒன்று கிரேக்கக் கத்தோலிக்கர், ஷியா, சுன்னி எனப் பங்கிடப்பட்டன. இன்றைய 128 இடங்களின் அட்டவணை அந்தப் பன்னிரண்டின் வழித்தோன்றல். அதைப் பிறப்பித்தது சமய ஆர்வம் என்று கருதுவோர் தவறுகிறார்கள். பிணங்களை எண்ணிக் களைத்த மக்களின் அச்சமே அதைப் பிறப்பித்தது.

இன்றைய ஷூஃப் மாவட்டத்துக்கு 3 மாரோனியர், 2 சுன்னி, 2 துரூஸ், ஒரு கிரேக்கக் கத்தோலிக்கர் என 8 இடங்கள். கலப்பு வாக்காளர் முறை எந்த அளவு நன்மை செய்யக்கூடும் என்பதற்கும், எவ்வளவு விரைவில் அது முறியும் என்பதற்கும் இந்த மலையே சான்று. ஷூஃபின் முக்தாரா அரண்மனையிலிருந்து அரசியல் செய்த துரூஸ் தலைவர் கமால் ஜும்பலாத்தும், தெய்ர் அல்-கமரின் மாரோனியரான கமீல் ஷமூனும் 1951 தேர்தலுக்குப் பின் ஒரே எதிர்க்கட்சி அணியில் நின்று, 1952 ஆகஸ்டில் தெய்ர் அல்-கமரில் பெருங்கூட்டம் கூட்டினர். அடுத்த மாதமே குடியரசுத் தலைவர் பிஷாரா அல்-கூரி பதவி விலகினார். ஷமூன் குடியரசுத் தலைவரானார். ஐந்தாண்டு கழிவதற்குள் இருவரும் பகைவராயினர். 1957 தேர்தலில் ஜும்பலாத் தம் இடத்தை இழந்தார். 1958-இல் நாடு ஆயுத மோதலுக்குள் சென்றது. 1977 மார்ச்சில் ஜும்பலாத் கொல்லப்பட்டதும் அப்பாவிக் கிறித்தவ ஊரார்மீது பழிதீர்க்கப்பட்டது. 1983-இன் மலைப்போருக்குப் பிறகு கிறித்தவ மக்கள் பெருந்தொகையினராக மலையை விட்டு நீங்கினர். வாக்காளர்களே இல்லாத ஊர்களின் பெயரில் இடங்கள் மட்டும் அட்டவணையில் நிலைத்திருந்த காலம் அது. 2001 ஆகஸ்டில் மாரோனிய முதுபெருந்தந்தை நஸ்ரல்லா ஸ்ஃபெய்ர் முக்தாராவுக்கு வந்து ஜும்பலாத் குடும்பத்தின் வாசலில் வரவேற்கப்பட்டதை இந்த மலையின் மிகப் பெரிய அரசியல் நிகழ்வுகளில் ஒன்றாகக் கொள்ளலாம். இந்த மாவட்டத்தில் எந்தத் துரூஸ் தலைவரும் மாரோனிய வாக்கின்றியும், எந்த மாரோனிய வேட்பாளரும் துரூஸ் வாக்கைப் பொருட்படுத்தாமலும் நெடுநாள் நிலைக்க முடியாது என்பதை, தேர்தல் கணக்கு அறியாதவரும் அன்று கண்ணால் கண்டார்கள். ஷூஃபும் அண்டையிலுள்ள ஆலெயும் சேர்ந்த பெருமாவட்டத்தில் 2022-ஆம் ஆண்டு, பழைய குடும்பங்களைச் சாராத புதியவர்கள் மூவர் ஒரு மாரோனிய இடத்தையும் ஒரு சுன்னி இடத்தையும் ஒரு துரூஸ் இடத்தையும் வென்றனர் என்பதும் சொல்லத்தக்கது.

ஷூஃபின் தேவதாரு மரக்காடுகளுக்கு மேலே மாஸ்ஸெர் ஊர் வழியாகச் செல்லும் மலைச்சாலை முகட்டைக் கடந்து இறங்கினால், திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த பெக்கா சமவெளி விரிகிறது. வடகிழக்கே, சிரிய எல்லைக்கு அருகில் அஞ்சார் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உமையா கலீஃபாக்கள் எழுப்பிய நகரின் தூண்களைக் காணவே பெரும்பாலோர் அங்கு வருகிறார்கள். ஆனால் தேர்தலை ஆராய்பவருக்கு இடிபாடுகளுக்குப் பக்கத்திலுள்ள ஊரே முதன்மையானது. அலெக்சாண்ட்ரெட்டா பகுதி துருக்கிக்குக் கைமாறிய 1939-இல், மூசா தாக் மலையின் ஆர்மீனியர்கள் தம் வீடுகளைத் துறந்து வந்து குடியேறிய ஊர் அது; விட்டு வந்த ஆறு கிராமங்களின் நினைவாக அஞ்சாரும் ஆறு பகுதிகளாக வகுக்கப்பட்டது. இம்மக்கள் வாழும் ஸஹ்லே மாவட்டத்தின் ஏழு இடங்களில் ஒன்று ஆர்மீனிய ஆர்த்தடாக்ஸ் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. மற்றவை கிரேக்கக் கத்தோலிக்கருக்கு இரண்டும், மாரோனியர், ஆர்த்தடாக்ஸ், சுன்னி, ஷியா ஆகியோருக்குத் தலா ஒன்றும் ஆகும். 2018 மே மாதத்தில் நடந்த தேர்தலில் அந்த ஆர்மீனிய இடத்தை வென்ற எடி டெமிர்ஜியான், தம் பெயருக்கெனப் பெற்ற வாக்குகள் 77.

இந்த எண் எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதை விரித்துச் சொல்ல வேண்டும். சட்டத்தின் உயிர்முடிச்சு அங்கேதான் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாடு 15 பெருமாவட்டங்களாகவும் அவற்றுள் 26 சிறுமாவட்டங்களாகவும் பிரிக்கப்பட்டது. வாக்காளர் ஒரு பட்டியலுக்கு வாக்களிக்கிறார். அதே தாளில், அப்பட்டியலில் உள்ள தம் சிறுமாவட்ட வேட்பாளர் ஒருவருக்கு மட்டும் ‘விருப்ப வாக்கு’ ஒன்றையும் அளிக்கலாம். முதலில் ஒவ்வொரு பட்டியலுக்கும் எத்தனை இடங்கள் என்பது அது பெற்ற மொத்த வாக்கின் விகிதப்படி கணக்கிடப்படுகிறது. அதன் பிறகு எல்லாப் பட்டியல்களின் வேட்பாளர்களும் விருப்ப வாக்கு விழுக்காட்டின் இறங்கு வரிசையில் ஒன்றாக அடுக்கப்பட்டு, மேலிருந்து ஒவ்வொருவராக இடம் அளிக்கப்படுகிறது. இரண்டு தடைகள் உண்டு: ஒருவருடைய மதப்பிரிவுக்குரிய இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அவர் எவ்வளவு வாக்குப் பெற்றிருந்தாலும் தாண்டிச் செல்லப்படுவார், அவருடைய பட்டியலுக்குரிய எண்ணிக்கை முடிந்திருந்தாலும் அவ்வாறே. கணக்கு கீழே வர வர எஞ்சிய இடமும் எஞ்சிய பட்டியலும் ஒன்றையொன்று தேடுகின்றன. ஸஹ்லேயில் ஷியா இயக்கமான ஹிஸ்புல்லா ஆதரித்த பட்டியலுக்கு இரண்டு இடங்கள் உரியவாயின. ஒன்றை அதன் ஷியா வேட்பாளர் பெருவாக்கில் பெற்றார். மற்றொன்றுக்கு, பிற பிரிவுகளின் இடங்கள் நிரம்பிவிட்டிருந்தமையால், அப்பட்டியலின் ஆர்மீனியரே எஞ்சினார். அவரைவிடப் பன்மடங்கு வாக்குப் பெற்ற வேறொரு பட்டியலின் ஆர்மீனிய வேட்பாளர் தோற்றார். எந்தச் சமூகத்தின் பாதுகாப்புக்காக அந்த இடம் ஒதுக்கப்பட்டதோ, அச்சமூகத்தின் விருப்பம் அதன் முடிவில் எடுபடவில்லை. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. சட்டம் சொன்னபடியே நடந்தது என்பதுதான் கவலைக்குரியது: ஆர்மீனியர் ஒருவர் நாடாளுமன்றத்தில் அமர்வார் என்பதை அட்டவணை உறுதி செய்கிறது, அவரை அங்கு அனுப்புவது யார் என்பதைப் பற்றி அது பேசுவதில்லை.

ஸஹ்லேயிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலை பால்பெக்கை அடைகிறது. உரோமானியக் கோயில்களின் மாபெருந் தூண்களுக்கு அருகே ஷியா மக்களின் வாழ்வும் வழிபாடும் செறிந்த இந்த மாவட்டத்துக்கு 10 இடங்கள்: 6 ஷியா, 2 சுன்னி, ஒரு மாரோனியர், ஒரு கிரேக்கக் கத்தோலிக்கர். ஹிஸ்புல்லா 1992-இல் முதன்முதலாகத் தேர்தலில் நின்றபோது, இத்தகைய குடியரசின் தேர்தலில் பங்குகொள்வது மார்க்கத்துக்கு ஏற்றதா என்று இயக்கத்துக்குள் ஆழ்ந்த விவாதம் நடந்து, ஈரானின் தலைமை மதகுருவின் இசைவு பெறப்பட்ட பின்னரே முடிவு எடுக்கப்பட்டது. சமய நம்பிக்கை வேட்பாளர் தேர்வுக்குள் நேரடியாக நுழைந்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு லெபனானில் அரிது. ‘தக்லீஃப் ஷர்ஈ’, அதாவது மார்க்கம் விதிக்கும் கடமை என்ற கருத்தாக்கத்தின் வழியாக, பற்றுள்ளவருக்கு வாக்கு என்பது உரிமை என்பதைத் தாண்டிக் கடமையாக எடுத்துரைக்கப்படுவதும் உண்டு. ஆயினும் அதே தேர்தலில், இசுலாமிய அரசைக் கொள்கையாக அறிவித்திருந்த அவ்வியக்கம் தன் பட்டியலில் கிறித்தவ வேட்பாளர்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. இடங்கள் அவ்வாறு ஒதுக்கப்பட்டிருந்தமையே காரணம். அவ்வாண்டு அதன் அணியில் வென்ற பன்னிருவரில் நால்வர் இயக்கத்துக்கு வெளியிலிருந்து வந்த சுன்னிகளும் கிறித்தவர்களும் ஆவர். கொள்கை வளையாத இடத்தில் அட்டவணை வளைத்தது. அது நன்மையே என்று கொள்ளலாம்.

ஆனால் அந்த நன்மைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதைக் காணப் பால்பெக்கிலிருந்து வடமேற்கே மலையடியிலுள்ள தெய்ர் அல்-அஹ்மருக்குச் செல்ல வேண்டும். மாவட்டத்தின் மாரோனியர் செறிந்து வாழும் ஊர் அதுவே. அதிக வாக்குப் பெற்ற பட்டியல் எல்லா இடங்களையும் அள்ளிக்கொண்ட பழைய தேர்தல் முறையில், மாவட்டத்தின் மாரோனிய உறுப்பினரைப் பெரும்பான்மை ஷியா வாக்கே தீர்மானித்தது. 2009-இல் வென்றவரும் ஹிஸ்புல்லா அணியில் நின்றவரே. 2018-இல் விகிதாசார முறையும் விருப்ப வாக்கும் வந்த பின், சிதறாமல் ஒன்றாக விழுந்த கிறித்தவ வாக்குகளால், எதிரணியான லெபனான் படைகள் கட்சியைச் சேர்ந்த தெய்ர் அல்-அஹ்மர்க்காரர் அந்துவான் ஹப்ஷி வென்றார், 2022-இலும் வென்றார். ஸஹ்லேயில் சமூகத்தின் விருப்பத்தைப் புறந்தள்ளிய அதே சட்டமே இங்கே சமூகத்தின் விருப்பத்தை நிறைவேற்றியது.

கிறித்தவர்களின் 64 இடங்களில் பலவற்றைப் பிறர் வாக்கே நிரப்புகிறது என்ற மனக்குறை முற்றியபோது எழுந்ததுதான் ‘ஆர்த்தடாக்ஸ் முன்மொழிவு’ எனப்பட்ட சட்ட வரைவு. ஒவ்வொரு பிரிவும் தன் உறுப்பினர்களைத் தானே தேர்ந்தெடுக்கட்டும், மாரோனியருக்கு மாரோனியரே வாக்களிக்கட்டும் என்ற அந்த வரைவு 2013 பிப்ரவரியில் நாடாளுமன்றக் கூட்டுக்குழுக்களின் இசைவையும் பெற்றது, சட்டமாகவில்லை. ஆகியிருந்தால் லெபனான், இந்தியா 1909-இல் புகுந்த வழியில் புகுந்திருக்கும். அவ்வழியில் வேட்பாளருக்கு அண்டைவீட்டாரின் வாக்கு தேவைப்படாது. அண்டைவீட்டாரை அச்சுறுத்திப் பேசுவதே அவருக்கு ஆதாயமாகும். தெய்ர் அல்-அஹ்மரின் மனக்குறை உண்மையானது. அதற்கு மருந்தாகச் சொல்லப்பட்டது நோயைவிடக் கொடியது.

பனி உருகிய மாதங்களில் மட்டும் திறந்திருக்கும் மலைச்சாலை, தெய்ர் அல்-அஹ்மருக்கு மேலே ஐனாதா வழியாக ஏறி, மறுபுறம் பழம்பெரும் தேவதாருத் தோப்புக்கும் கலீல் ஜிப்ரான் பிறந்த பிஷாரிக்கும் இறங்குகிறது. பிஷாரியின் இரண்டு இடங்களும் மாரோனியருக்கு உரியவை. அருகிலுள்ள ஸகர்தாவின் மூன்றும் அவ்வாறே. ஆர்த்தடாக்ஸ் மக்களின் கூராவைக் கடந்து கடலுக்கு இறங்கினால் வடநாட்டின் தலைநகரமான திரிப்போலி.

சுன்னி நகரம் என்று எல்லாரும் அழைக்கும் திரிப்போலியின் 8 இடங்களில் ஐந்து சுன்னிகளுக்கும், தலா ஒன்று அலவி, மாரோனியர், ஆர்த்தடாக்ஸ் பிரிவுகளுக்கும் உரியவை. இந்நகரத்துக்கு, லெபனான் குடியரசின் பாதையை மாற்றியிருக்கக்கூடிய ஒரு வேட்பாளரின் நினைவும் உண்டு. குடியரசுத் தலைவர் மாரோனியராகவும் பிரதமர் சுன்னியாகவும் இருப்பது எழுதப்படாத வழக்கம். 1943-இல் பிஷாரா அல்-கூரியும் ரியாத் அஸ்-ஸொல்ஹும் கண்ட ‘தேசிய உடன்பாடு’ அதன் அடிப்படை. நாடாளுமன்றத் தலைவர் பதவி ஷியாக்களுக்கு என்பதும் பின்னர் அவ்வாறே நிலைபெற்றது. 1926 மே மாதத்தின் அரசமைப்புச் சட்டமோ குடியரசுத் தலைவரின் மதத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. முதல் தலைவரான ஷார்ல் தப்பாஸ் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் பிரிவினர். 1932-இல், திரிப்போலியைச் சேர்ந்த சுன்னி அறிஞரும் நாடாளுமன்றத் தலைவருமான ஷேக் முகம்மது அல்-ஜிஸ்ர் குடியரசுத் தலைவர் பதவிக்கு முன்வந்தபோது, மாரோனியத் தலைவர்கள் இருவருக்கு இடையிலான போட்டியினால், அவர்களுள் ஒருவரான எமில் எத்தேயின் ஆதரவு அவருக்குக் கிடைத்து, வெற்றி கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. மே மாதத்தில் பிரெஞ்சு உயர் ஆணையர் ஆன்ரி பொன்சோ அரசமைப்புச் சட்டத்தையே நிறுத்தி வைத்தார். முஸ்லிம் ஒருவரைக் கிறித்தவ உறுப்பினர்களும் சேர்ந்து நாட்டின் தலைவராகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு, அம்மக்களின் சமய உணர்வால் தடைபடவில்லை. அந்நிய ஆட்சியாளரின் ஆணையால் தடைபட்டது. அதே ஆண்டில் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கிறித்தவர்களைப் பாதிக்குச் சற்று மேலாகக் காட்டிற்று. அதை அடிப்படையாகக் கொண்டே, நாடாளுமன்ற இடங்களில் கிறித்தவர் ஆறுக்கு முஸ்லிம் ஐந்து என்ற விகிதம் உள்நாட்டுப் போர்வரை நீடித்தது. அதன் பிறகு லெபனான் தன் மக்களை அதிகாரபூர்வமாக எண்ணவில்லை.

திரிப்போலியின் ஒரு புறத்தில் சுன்னிகளின் பாப் அத்-தப்பானே, அதற்கு மேலே குன்றின்மீது அலவிகளின் ஜபல் மொஹ்சென். இடையில் ஓடும் தெருவின் பெயர் சிரியா தெரு. 2008 முதல் 2014 வரை இவ்விரு பகுதிகளும் மீண்டும் மீண்டும் மோதிக்கொண்டன. தெருவை ஒட்டிய கட்டடங்களில் குண்டு துளைத்த தழும்புகள் எஞ்சின. அலவிகளுக்கென நாடாளுமன்றத்தில் இடம் ஏற்பட்டது போருக்குப் பிந்தைய ஏற்பாட்டில்தான்; நலிந்த ஒரு சமூகம் ஆட்சி மன்றத்தில் தன் குரலைக் கேட்கச் செய்வதற்கான வழியாக அது கருதப்பட்டது. நகரின் வாக்குக் கணக்கில் அந்த இடம் பெரும்பான்மைச் சுன்னிப் பட்டியல்களின் கையில் இருந்ததால், ஜபல் மொஹ்சென் தன்னவர் என்று ஏற்காதவரும் அதன் பெயரில் உறுப்பினராக முடிந்தது. 2022 தேர்தலில் அந்த இடம் சில நூறு விருப்ப வாக்குகளில் ஒருவருக்குக் கிடைத்து, அவ்வாண்டு நவம்பரில் அரசமைப்பு மன்றத்தின் தீர்ப்பால் வேறொருவருக்கு மாறியது. குன்றின்மீது வாழ்பவர்களின் தெருவிளக்கும் பள்ளிக்கூடமும் வேலையும் எந்த உறுப்பினரின் பொறுப்பு என்று கேட்டால், அட்டவணை ஒருவரைக் காட்டும். அவரைக் கேள்வி கேட்கும் வலிமையை அக்குன்றின் வாக்காளர்களிடம் அது தரவில்லை.

தெற்கு நோக்கிய கடற்கரைச் சாலை பத்ரூனையும் ஜுபைலையும் கடந்து ஜூனியேக்கு வருகிறது. வளைகுடாவின் மேலே பிக்கெர்கேயில் மாரோனிய முதுபெருந்தந்தையின் இருப்பிடம். கீழே கெஸ்ரவான் மாவட்டத்தின் ஐந்து இடங்களும் மாரோனியருடையவை. எல்லா வேட்பாளரும் ஒரே திருச்சபையினராக இருக்கும் இங்கே மதம் எவரையும் எவரிலிருந்தும் பிரித்துக் காட்டுவதில்லை. குடும்பமும் கட்சியும் ஊரும் பணமும் செய்த உதவியும் அந்த இடத்தை நிரப்புகின்றன. சமயத் தலைவர்கள் பெரும்பாலும் வேட்பாளரின் பெயரைச் சொல்வதில்லை. சொல்லாமலே உணர்த்துவதும், வாக்களிக்கச் செல்லுமாறு அழைப்பதும் அவர்கள் வழக்கம். 2022 சனவரியில் சுன்னித் தலைவர் சாத் ஹரீரி தேர்தலிலிருந்து விலகி, சுன்னி வாக்காளர்கள் தலைமையின்றி நின்றபோது, குடியரசின் முஃப்தி அவர்களை வாக்களிக்க அழைத்தது அத்தகையதே.

1989-இல் சவுதி அரேபியாவின் தாயிஃப் நகரில் கையெழுத்தாகிப் போரை முடித்துவைத்த உடன்படிக்கை, இந்தப் பங்கீடு முழுவதையும் இடைக்கால ஏற்பாடாகவே கண்டது. அதன்படி 1990-இல் திருத்தப்பட்ட அரசமைப்புச் சட்டத்தின் 95-ஆம் உறுப்பு, அரசியலில் மதப்பிரிவு முறையை ஒழிக்கும் வழிகளை ஆராயத் தேசியக் குழு ஒன்றை அமைக்கச் சொல்கிறது. 22-ஆம் உறுப்பு, மதச்சார்பற்ற முறையில் நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கப்பட்டதும், சமயச் சமூகங்களின் கவலைகளுக்கென மேலவை ஒன்றை உருவாக்கச் சொல்கிறது. ஒதுக்கீட்டை ஒரே நாளில் நீக்குவது சிறு சமூகங்களை அச்சத்தில் தள்ளும் என்பதை உணர்ந்து எழுதப்பட்ட, அறிவும் பரிவும் கலந்த ஏற்பாடு அது. அஞ்சாரையும் ஜபல் மொஹ்செனையும் பார்த்தவர் அந்த மேலவையின் தேவையை மறுக்க மாட்டார். குழு இயங்காமலும் மேலவை பிறக்காமலும் தேர்தல்கள் நடந்து வந்தன. 2019 அக்டோபரில் எல்லாப் பிரிவு இளைஞரும் பெய்ரூத், திரிப்போலி சதுக்கங்களில் திரண்டு கேட்டவற்றுள் மதப்பிரிவு முறையின் ஒழிப்பும் ஒன்று.

அதற்கும் பத்தாண்டு முன்னர், 2009 பிப்ரவரியில், உள்துறை அமைச்சர் ஸியாத் பாரூத் பிறப்பித்த சுற்றறிக்கை, விரும்பும் குடிமகன் தன் குடிப்பதிவிலிருந்து மதப்பிரிவை நீக்கிக்கொள்ள வழிசெய்தது. நீக்கியவரின் பதிவில் அவ்விடத்தில் ஒரு சாய்கோடு இடப்படுகிறது. சாய்கோடு பெற்றவர் தேர்தல் நாளில் பாட்டனாரின் ஊருக்குச் சென்று, வேட்பாளர் ஒவ்வொருவரின் படத்துக்கும் பெயருக்கும் அருகே மதப்பிரிவு குறிக்கப்பட்ட தாளில் தம் வாக்கை அளிக்கலாம். அவரே வேட்பாளராக விரும்பினால் 128 இடங்களில் எதற்கு மனுச் செய்வது என்ற கேள்விக்குத் தேர்தல் சட்டத்தின் அட்டவணையில் விடை இல்லை.